பழைய பெட்டியில் பச்சைக் கல்: யுரேனியக் கனிமத்தை அடையாளம் கண்டு மதிப்பிடும் முறை

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்து, படைப்புக்கோ திருமணத்துக்கோ பாகப்பிரிவினைக்கோ மட்டும் திறக்கப்படுகின்றன. அப்போது இரண்டாம் கட்டின் சாமான் அறையிலிருந்து தேக்குப் பெட்டிகளும் பீங்கான் சாடிகளும் வெளியே வரும். குடும்பத்தில் யாராவது வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலோடு தொடர்புடையவராக இருந்திருந்தால், கனிம மாதிரிகள் அடுக்கிய பெட்டி ஒன்றும் உடன் வரக்கூடும். அதில் மரகதப் பச்சையாகவோ எலுமிச்சை மஞ்சளாகவோ கன்னங்கரேலென்று கனமாகவோ ஒரு கல் இருந்தால் என்ன செய்வது என்பதற்கே இந்த வழிகாட்டி.

கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, இத்தகைய பெட்டிகளைப் பார்த்துச் சொல்ல என்னைச் சிலமுறை அழைத்திருக்கிறார்கள். கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நான் போய்ச் சேர்வதற்குள், தூசி படிந்திருக்கிறதே என்று கற்களை வாளித் தண்ணீரில் அலசி, மாடித் தளத்து வெயிலில் துணி விரித்து உலர்த்தி, உள்ளே கிடந்த செல்லரித்த காகிதச் சீட்டுகளைக் குப்பையோடு எரித்துவிட்டிருந்தார்கள். கண்ணாடி போல் இருந்திருக்க வேண்டிய பச்சைத் தகடுகள் வெளிறி, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவை எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தவை என்று சொல்ல இனி வழியில்லை. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த நாளே காரணம்.

1. தொடுவதற்கு முன் சேர்த்து வைக்க வேண்டியவை

முதல் தேவை, கதிரியக்கத்தை எண்ணிக் காட்டும் கருவியான கைகர் கவுண்டர். இதில் இரண்டு வகை உண்டு என்பதை வாங்கும்போதோ இரவல் பெறும்போதோ கேட்டுக்கொள்ள வேண்டும். கதிரியக்கப் பொருள் வெளிவிடும் ஆல்பா, பீட்டா, காமா என்ற மூன்று வகைக் கதிர்களில், உலோகக் குழாய் கொண்ட மலிவான வகை பீட்டாவையும் காமாவையும் மட்டும் காட்டும். மெல்லிய அபிரகச் சாளரம் உடைய வகை ஆல்பாவையும் காட்டும். பின்னது இருந்தால்தான் ஐந்தாம் படி முழுமையாகும்.

அதோடு நைட்ரைல் கையுறைகள், முகக்கவசம், 365 நானோமீட்டர் புற ஊதாக் கைவிளக்கு, அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி, பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், 3 மி.மீ. அலுமினியத் தகடு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், ஈரத்துணி, கேமரா, புதிய நோட்டு ஆகியவை வேண்டும். துடைப்பமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் அருகில் இருக்கவே கூடாது. யுரேனியக் கனிமத்தின் பெரிய ஆபத்து அதன் துகள் உடலுக்குள் போவதுதான்; அவை இரண்டும் துகளைக் காற்றில் ஏற்றிவிடும்.

2. சட்ட நிலையை முதலிலேயே தெரிந்துகொள்ளுதல்

பலர் இதைக் கடைசிக்கு ஒத்திப்போடுகிறார்கள். 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டக் காலம் முதலே யுரேனியம் நம் நாட்டில் மைய அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். யுரேனியம் ஓரிடத்தில் இருப்பதைக் கண்டறிந்தவர் மூன்று மாதத்துக்குள் அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் விதித்தது. ஆகவே உரிமம் இல்லாமல் விற்பது, வாங்குவது, ஏற்றுமதி செய்வது என எதையும் நினைத்தும் பார்க்க வேண்டாம். தபாலிலோ கூரியரிலோ துண்டு அனுப்புவதும் தவறு.

கல் யுரேனியக் கனிமம் என்று தெரிந்த பின் எழுத வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஐதராபாத்தில் தலைமையகம் கொண்ட அணுக் கனிமங்கள் இயக்ககம். மற்றொன்று, மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கடிதத்தில் எழுதுவதற்குரிய விவரங்களைத் திரட்டுவதே இனிவரும் படிகளின் பயன். எனவே தொடக்கத்திலேயே நோட்டில் நாள், இடம், உடன் இருந்தவர் பெயர்கள் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். பங்காளிகள் பலர் உள்ள வீட்டில், யார் முன்னிலையில் பெட்டி திறக்கப்பட்டது என்ற ஒரு வரி பின்னாளில் பெரிய சச்சரவைத் தவிர்க்கும்.

3. வீட்டின் பின்னணிக் கதிர்வீச்சை அளத்தல்

எந்த வீட்டிலும் கவுண்டர் சும்மா இருக்காது. கருங்கல் தூணும் தளமும் மண்ணும் விண்வெளிக் கதிரும் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த இயல்பான அளவு தெரியாமல் கல்லை அளந்தால், எண்ணுக்குப் பொருளே இல்லை. பெட்டியிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, அதே தரை வகையில் கவுண்டரை வைத்துப் பத்து நிமிடம் எண்ண விடுங்கள்.

ஒரு நிமிடம் போதாதா என்று கேட்பார்கள். கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நிகழ்வது. ஓர் எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் ஏறத்தாழ அதன் வர்க்கமூலம். ஒரு நிமிடத்தில் 30 பதிவானால் 5 அல்லது 6 கூடுவதும் குறைவதும் சாதாரணம். அது ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கம். பத்து நிமிடத்தில் 300 பதிவானால் ஏற்ற இறக்கம் 17 அளவுக்குத்தான் இருக்கும். கல்லின் அளவு பின்னணியைவிட இந்த ஏற்ற இறக்கத்தைப் போல மூன்று மடங்கேனும் கூடுதலாக இல்லாவிட்டால், கதிரியக்கம் உண்டு என்று எழுதக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல் நம் வீடுகளுக்கே உரியது. இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய பழைய கடிகாரமும், பெட்ரோமாக்ஸ் விளக்கின் பழைய மேண்டில்களும் அதே அறையில் கிடக்கும். முன்னதில் ரேடியமும் பின்னதில் தோரியமும் உண்டு; இரண்டும் கதிரியக்கத் தனிமங்கள். ஒருமுறை கல் பெட்டியில்தான் கதிர் என்று அரை நாள் தேடிய பிறகு, பக்கத்து அலமாரியின் அலாரக் கடிகாரமே காரணம் என்று கண்டோம். முதலில் அவற்றை அளந்து வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

4. பெட்டியைத் திறப்பதும் சீட்டைக் காப்பதும்

யுரேனியம் சிதையும் தொடரில் ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதன் அரை ஆயுள் 3.8 நாள்; அதாவது அந்தக் காலத்தில் அதில் பாதி சிதைந்துவிடும். ஆனால் கல்லிலிருந்து அது ஓயாமல் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த பெட்டிக்குள்ளும், சாளரம் திறக்காத அறைக்குள்ளும் அது தேங்கியிருக்கும். ஆகவே அறையின் கதவு, சாளரங்களைத் திறந்துவிட்டு அரைமணி நேரமாவது வெளியே இருங்கள். பிறகு பெட்டியை மூடியபடியே பின்கட்டின் திறந்த முற்றத்துக்குக் கொண்டுவந்து, தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, முகத்தை விலக்கிக்கொண்டு மூடியைத் திறக்க வேண்டும். சமையல் நடக்கும் இடமும் குழந்தைகள் நடமாடும் வளவும் வேண்டாம்; காற்று அடிக்கும் நேரமும் வேண்டாம்.

திறந்ததும் எதையும் எடுக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். எந்தச் சீட்டு எந்தக் குழியில், எந்தக் கல்லின் அடியில் இருந்தது என்பது அந்தப் படத்தில் மட்டுமே நிலைத்திருக்கும். நூற்றாண்டுப் பசை காய்ந்து சீட்டுகள் கழன்றே கிடக்கும். முதல் கல்லைத் தூக்கும்போதே அவை இடம் மாறிவிடும்.

சீட்டில் உள்ள பழைய பெயர்கள் தயங்க வைக்கலாம். ‘கால்கோலைட்’, ‘காப்பர் யுரானைட்’ என்பவை இன்று டோர்பெர்னைட் என்று வழங்கும் கனிமத்தின் பழம்பெயர்கள். ‘லைம் யுரானைட்’ என்பது ஆட்டுனைட். ஊர்ப் பெயர்களும் காலத்தைச் சொல்லும். ‘பெல்ஜியன் காங்கோ’ என்றிருந்தால் அந்நாடு விடுதலை பெற்ற 1960-க்கு முந்தைய சீட்டாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ‘யோவாகிம்ஸ்தால்’ என்பது இன்றைய செக் நாட்டின் யாகிமோவ். எழுத்து மங்கியிருந்தாலும் ஒவ்வொரு சீட்டையும் இரு புறமும் படமெடுத்து, தனி உறையில் இட்டு, கல்லுக்குரிய எண்ணையே உறைக்கும் கொடுக்க வேண்டும். சீட்டிலும் துகள் ஒட்டியிருக்கும் என்பதால் இதையும் கையுறையோடுதான் செய்ய வேண்டும்.

5. கதிர் உண்டா, எவ்வகைக் கதிர் என்று பார்த்தல்

ஒவ்வொரு கல்லையும் தனியே எடுத்து, மற்றவற்றிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி வைத்து அளக்க வேண்டும். கவுண்டரைக் கல்லின் மேல் வைத்துவிடாமல், ஓர் அட்டைச் சட்டம் செய்து எல்லாக் கற்களையும் ஒரே தூரத்தில், அதாவது ஒரு செ.மீ. இடைவெளியில் அளந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். சிறிய கல்லாயின் தூரம் இருமடங்கானால் கதிரின் அளவு கால்பங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மறைப்பு ஏதும் இல்லாமல், அடுத்து இடையில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, பிறகு அலுமினியத் தகடு வைத்து எண்ணுங்கள். தாள் வைத்ததும் விழும் பங்கு ஆல்பா. தகடு வைத்ததும் விழும் பெரும்பங்கு பீட்டா. மிஞ்சுவது பெரும்பாலும் காமா. இயற்கைக் கனிமத்தில் யுரேனியத்தோடு ரேடியமும், அது சிதைவதால் பிறக்கும் வழித்தோன்றல்களும் சேர்ந்திருப்பதால், தகடு வைத்த பிறகும் எண்ணிக்கை பின்னணியைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கும். பழைய யுரேனியக் கண்ணாடிச் சாடியில் அப்படி நிற்காது. கண்ணாடி செய்யும்போது சேர்த்தது ரேடியம் நீக்கிய யுரேனியம் என்பதே இதற்குக் காரணம். பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பச்சைக் கண்ணாடி உருண்டையைக் கனிமம் என்று நம்பி வருபவர்களுக்கு இந்த ஒரு சோதனையே போதும்.

கவுண்டரின் திரையில் தோன்றும், உடல் பெறும் கதிர் அளவைக் குறிக்கும் மைக்ரோசீவர்ட் எண்ணைக் கண்டு அஞ்சி ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த எண் பொதுவாகச் சீசியத்தின் காமாக் கதிரை வைத்து அளவிடப்பட்டது. கல்லோடு ஒட்டி வைத்தால் பீட்டாவும் சேர்ந்து அதைப் பொய்யாக உயர்த்தும். அடையாளம் காண நிமிட எண்ணிக்கையைக் கொள்ளுங்கள். மைக்ரோசீவர்ட்டை, தகடு வைத்துத் தள்ளி நின்று அளக்கும்போது மட்டும் கொள்ளுங்கள்.

6. யுரேனியமா, தோரியமா

கைகர் கவுண்டரால் இதைச் சொல்ல இயலாது. கன்னியாகுமரிக் கடற்கரையின் மோனசைட் மணலும் கவுண்டரை வேகமாக அடிக்க வைக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் தோரியம். இரண்டையும் பிரிக்க, காமாக் கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்துக் காட்டும் காமா நிறமாலைமானி வேண்டும். இப்போது கையடக்க அளவிலும் அது கிடைக்கிறது.

நிறமாலையில் 295, 352, 609 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் இடங்களில் மேடுகள் எழுந்தால் யுரேனியத் தொடர். 239, 583, 2614 ஆகிய இடங்களில் எழுந்தால் தோரியத் தொடர். 609-இன் மேட்டைத் தருவது பிஸ்மத்-214. அது ரேடியத்தின் வழித்தோன்றல் என்பதால் ரேடியக் கடிகாரமும் அதே மேட்டைக் காட்டும். மூன்றாம் படியில் கடிகாரத்தை அப்புறப்படுத்தச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

7. எந்த யுரேனியக் கனிமம்: நிறம், வடிவம், ஒளிர்வு

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனெனில் பெரும்பாலோர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். நிறம் முதல் சாட்சியாக இருக்கத் தகுதியற்றது. மலகைட் பச்சை, டயாப்டேஸ் பச்சை, செம்புக் களிம்பும் பச்சை. நம் நாட்டில் மிகுதியும் ஏமாற்றுவது புனே, ஜல்காவ் பக்கத்து எரிமலைப் பாறைகளில் கிடைக்கும் பச்சை அபோஃபிலைட். டோர்பெர்னைட்டைப் போலவே சதுர வடிவும், ஒரு தளத்தில் தகடாகப் பிளக்கும் இயல்பும் அதற்கு உண்டு. ஆனால் கவுண்டர் அதனிடம் மௌனமாக இருக்கும். ஐந்தாம் படியை முடித்தவருக்கு இந்தக் குழப்பம் வராது.

டோர்பெர்னைட் செம்பும் யுரேனியமும் சேர்ந்த நீரேறிய பாஸ்பேட். மரகதப் பச்சையில் சதுரத் தகடுகளாக, புத்தகத்தின் தாள்கள் போல் அடுக்கி நிற்கும். நகமே கீறிவிடும் அளவுக்கு மென்மையானது. கடினத்தைக் குறிக்கும் மோ அளவில் 2 முதல் 2.5. ஆட்டுனைட் அதே அமைப்பில் செம்புக்குப் பதில் கால்சியம் கொண்டது. எலுமிச்சை மஞ்சள் முதல் இளம்பச்சை வரை இருக்கும். குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட் பச்சைதான், ஆனால் தகடாக இராமல் ஊசிக் கற்றைகளாக விரியும். காங்கோவின் முசோனாய் சுரங்கத்து மாதிரிகள் இதில் பெயர் பெற்றவை. ஊசியா தகடா என்று லென்ஸால் பார்த்தாலே இவ்விரண்டு பச்சைகளும் பிரிந்துவிடும். மஞ்சள் ஊசிகள் யுரானோஃபேனாக இருக்கலாம். மஞ்சள் மாவு போல் மணற்கல்லில் படிந்திருந்தால் கார்னோடைட்டை எண்ணிப் பார்க்கலாம். கருப்பாகவும், அளவுக்கு மீறிய கனமாகவும், சில சமயம் திராட்சைக் கொத்துப் போன்ற புடைப்புகளோடும் இருப்பது யுரானினைட்.

அடுத்து, அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடியுங்கள். ஆட்டுனைட் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும். டோர்பெர்னைட் ஒளிராது, அல்லது மிக மங்கலாகவே ஒளிரும்; அதிலுள்ள செம்பு ஒளிர்வை அணைத்துவிடுகிறது. யுரானினைட்டும் கார்னோடைட்டும் ஒளிர்வதில்லை. ஒளிரவில்லை, ஆகவே யுரேனியம் இல்லை என்ற முடிவும், ஒளிர்கிறது, ஆகவே யுரேனியம் என்ற முடிவும் ஒரே அளவுக்குத் தவறானவை. வில்லமைட்டும் பச்சையாகத்தான் ஒளிர்கிறது. அதில் யுரேனியம் இல்லை.

விளக்கு கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். படிகத்தின் அடிவிளிம்பில் நீலம் கலந்த வெள்ளையாக ஒரு கோடு ஒளிர்ந்தால், அது பெரும்பாலும் பசை. உடைந்த தகட்டை யாரோ வேறு பாறைமேல் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்; மதிப்பிடும்போது இது மிக முக்கியம்.

8. செய்யக் கூடாத சோதனைகள்

கீறிப் பார்ப்பது, பொடித்து நிறம் பார்ப்பது, அமிலம் விடுவது, தண்ணீரில் முக்கி அடர்த்தி காண்பது ஆகிய நான்கையும் நிலவியல் மாணவர்கள் பழக்கத்தில் செய்துவிடுகிறார்கள். சாதாரணக் கற்களுக்கு அவை நல்ல சோதனைகள்தான். இங்கே முதல் இரண்டும் துகளை எழுப்பும்; பின் இரண்டும் கதிரியக்கக் கழிவுநீரை உண்டாக்கி, மென்மையான படிகத்தையும் சிதைக்கும். நாவால் தொட்டுப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் பெட்டி அருகில் வரவே வேண்டாம்.

9. ஆய்வகத்தில் உறுதி செய்தல்

இதுவரை கண்டது உயர்ந்த நிகழ்தகவுள்ள ஊகம். டோர்பெர்னைட்டையும், பாஸ்பேட்டுக்குப் பதில் ஆர்சனேட் கொண்ட ஜூனரைட்டையும் கண்ணால் பிரிப்பது பெரும்பாலும் இயலாது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை படிக அமைப்பைச் சொல்லும். இராமன் நிறமாலைச் சோதனை பாஸ்பேட்டா ஆர்சனேட்டா என்பதைக் கல்லை உடைக்காமலே சொல்லும்.

காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கின்றனவே, ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எந்த ஆய்வகமானாலும் கதிரியக்கப் பொருளைக் கையாள அதற்கு அனுமதி வேண்டும். முன்னறிவிப்பின்றிக் கொண்டுபோனால் அவர்கள் வளாகத்தையே மாசுபடுத்தியவர் ஆவீர்கள். அணுக் கனிமங்கள் இயக்ககத்துக்கு எழுதும் கடிதத்தோடு படங்களையும் எண்ணிக்கைப் பட்டியலையும் இணைத்து, பரிசோதனைக்கு அவர்கள் காட்டும் வழியையே பின்பற்றுவது சரியான முறை.

10. மதிப்பிடுதல்

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்ற வேண்டியிருக்கிறது. இரிடியம் கலசம், ரைஸ் புல்லர் என்று ஊர் ஊராக நடக்கும் மோசடியின் தொடர்ச்சியாக, யுரேனியக் கல்லுக்குக் கோடிக்கணக்கில் விலை உண்டு என்று சொல்லித் தரகர்கள் வருகிறார்கள். ‘சோதனைக் கட்டணம்’ என்று முன்பணம் கேட்பது அவர்கள் வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உலகச் சந்தையில் யுரேனிய ஆக்சைடின் விலை ஏறி, 2024 சனவரியில் பவுண்டுக்கு 100 டாலரைத் தாண்டியது. பவுண்டு என்பது 454 கிராம். 100 கிராம் கல்லில் பாதி எடை யுரேனிய ஆக்சைடு என்று தாராளமாகக் கொண்டாலும் அதன் விலை சுமார் 11 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பங்காளிகள் எல்லாரிடமும் காட்டிய பிறகே மேற்கொண்டு பேசுவது என் வழக்கம்.

உண்மையான மதிப்பு, அது ஒரு மாதிரி என்பதில் இருக்கிறது. நான் பார்க்கும் வரிசை இது: எந்த ஊர், எந்தச் சுரங்கம் என்பது சீட்டால் உறுதிப்படுகிறதா; படிகம் எவ்வளவு பெரிது, முனைகள் முழுமையாக உள்ளனவா; தாய்ப்பாறையின் மேல் இயல்பாக நிற்கிறதா, ஒட்டப்பட்டதா; நீர் இழந்து வெளிறியிருக்கிறதா. கனிமத்தின் அருமையை இவற்றுக்குப் பின்னரே வைக்கிறேன். டோர்பெர்னைட் என்ற கனிமம் அப்படியொன்றும் அரிதல்ல. ஆனால் இங்கிலாந்தின் கார்ன்வாலில் எப்போதோ மூடப்பட்ட சுரங்கத்திலிருந்து வந்து, சீட்டோடும் பழுதில்லாத தகடுகளோடும் இருக்கும் டோர்பெர்னைட் அரிது. அதே கல் சீட்டில்லாமல் இருந்தால் ‘ஊர் தெரியாத பச்சைக் கனிமம்’ என்ற வகைக்குள் விழுந்துவிடும். கோட்டையூர்ப் பெட்டிக்கு நேர்ந்தது அதுதான்.

ஒப்பிட விலை பார்க்கும்போது, விற்பவர் கேட்கும் விலையைக் கொள்ளாமல், வெளிநாட்டுக் கனிம ஏலங்களில் உண்மையில் முடிந்த விலையைக் கொள்ள வேண்டும். அதுவும் அதே கனிமம், அதே சுரங்கம், ஏறத்தாழ அதே அளவு என்ற மூன்றும் பொருந்தினால் மட்டுமே. இதுவும் ஒரு மேற்கோள் எண்ணாகப் பதிவில் நிற்கலாமே தவிர, இரண்டாம் படியில் சொன்ன காரணத்தால் இங்கே பணமாக மாறாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இதற்கு ஒரு தொகை போட்டு ஒருவர் பங்கில் சேர்ப்பது அநீதி. அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட பொதுப்பொருள் என்று தனியே குறிப்பிட்டுவிடும்படி வழக்கறிஞரிடம் சொல்லலாம்.

11. ஒப்படைக்கும் வரை வைத்திருத்தல்

ஒவ்வொரு கல்லும் அதன் உறையும் தனித்தனி மூடிய பெட்டியில் இருக்க வேண்டும்; மூடி துகளைத் தடுக்கும். அந்தப் பெட்டிகள் அனைத்தும் காற்றோட்டமுள்ள, யாரும் தங்காத அறையில் இருக்க வேண்டும். காற்றோட்டம் ரேடானை வெளியேற்றும். கோடையில் சூடேறும் மாடி அறை வேண்டாம், ஏனெனில் சூட்டில் டோர்பெர்னைட்டும் ஆட்டுனைட்டும் நீரை இழந்து உதிரும். ஒரு முறை உதிர்ந்தால் மீளாது. தடித்த சுண்ணாம்புச் சுவர் கொண்ட கீழ்க்கட்டு அறையே ஏற்றது.

தூரத்தையும் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். 10 செ.மீ. தொலைவில் மணிக்கு 5 மைக்ரோசீவர்ட் காட்டும் சிறிய கல்லைப் படுக்கையின் தலைமாட்டு அலமாரியில் 30 செ.மீ. தள்ளி வைத்தால், தலைப் பக்கத்தில் மணிக்கு 0.56 மைக்ரோசீவர்ட் ஆகும். இரவு எட்டு மணி நேரம், ஆண்டு முழுவதும் என்றால் 1.6 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு விதித்துள்ள ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். அதே கல் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் இந்த அளவில் நூறில் ஒரு பங்குதான்.

வேலை முடிந்ததும் விரித்த பிளாஸ்டிக் தாளை உள்நோக்கி மடித்து, கையுறைகளோடும் ஈரத்துணியோடும் ஒரு பையில் கட்டி, கற்கள் உள்ள அறையிலேயே வையுங்கள். குப்பையில் போடாமல், வரும் அதிகாரிகளிடம் காட்டுங்கள். முற்றத்துத் தரையையும் உங்கள் கைகளையும் செருப்பின் அடியையும் கவுண்டரால் ஒருமுறை அளந்து, பின்னணி அளவுக்கு இறங்கியிருப்பதை நோட்டில் நேரத்தோடு எழுதிய பிறகே சாப்பிட உட்கார வேண்டும்.